ஆறு மாதச் சம்பளம் யார் கணக்கில்?

"வேலைக்கே வராத பிள்ளைக்கு ஆறு மாசம் சம்பளம் குடுக்கோணும்ங்கறீங்க. நாங்க கம்பெனி நடத்தறதா, சத்திரம் நடத்தறதாங்க?" அவிநாசிப் பக்கம் சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கும் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். கேட்பவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பெரும்பாலும் அவரே ஒரு காலத்தில் கட்டிங் டேபிளில் நின்றவர். அவர் அம்மா தறிக்குடோனில் தார் சுற்றியிருப்பார். மகப்பேறு விடுப்பு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் "வேணும்தானுங்க" என்பார். ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு நல்ல காரியத்துக்கு ஆகும் செலவைத் தன் தலையில் மட்டும் ஏன் கட்டுகிறார்கள் என்பதுதான் அவருடைய வழக்கு. கூட வேலை செய்பவர்களுக்கும் ஒரு வழக்கு உண்டு. அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். "அவ போயிட்டா, அவ வேலையும் சேர்த்து நாம பாக்கோணும்."

இரண்டு குறையிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பேச்சில் தெரியாது, கணக்கில்தான் தெரியும்.

சேவூர் போகும் சாலையில் இரண்டு தளத்தில் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். கீழே தையலும் பேக்கிங்கும், மாடியில் ஆபீஸ். கீழே டெய்லர், கைமடி, செக்கிங், அயர்னிங் எல்லாம் சேர்த்து நாற்பது பேர். சராசரிச் சம்பளம் மாதம் 12,000 ரூபாய். இவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் உண்டு. 2019 ஜூலை முதல் சம்பளத்தில் 3.25 விழுக்காடு முதலாளியின் பங்கு, 0.75 விழுக்காடு தொழிலாளியின் பங்கு. முதலாளி மாதம் கட்டுவது 15,600 ரூபாய். நாற்பது பேரும் ஆணாக இருந்தாலும் 15,600. நாற்பது பேரும் பெண்ணாக இருந்தாலும் 15,600. செக்கிங்கில் நிற்கும் பெண் பிரசவத்துக்குப் போனால், அவளுக்கு 26 வாரத்துக்கான முழுச் சம்பளம், ஏறத்தாழ 72,000 ரூபாய், இ.எஸ்.ஐ. கழகத்திலிருந்து அவள் வங்கிக் கணக்குக்கு வரும். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். முதலாளி அந்தச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அவளுக்கு மாதாமாதம் கொடுத்துவந்த 12,000 அவர் கையிலேயே மிஞ்சுகிறது. அதை வைத்து அந்த டேபிளுக்கு இன்னொருவரை நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது மாடிக்குப் போவோம். அங்கே ஒரு மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, ஷிப்மெண்ட் தேதியைத் துரத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. சம்பளம் 30,000. இ.எஸ்.ஐ. வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விலைவாசியும் சம்பளமும் ஏறிய பிறகும் பல ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. அதைத் தாண்டியவளுக்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வைத்த விதிதான் கதி. அந்த விதிப்படி 26 வாரச் சம்பளம், 1,80,000 ரூபாய், முழுக்க முழுக்க முதலாளியின் பையிலிருந்து போக வேண்டும். சீசன் நேரத்தில் அவள் இடத்துக்கு ஆள் வைத்தால் அதற்கு வேறு சம்பளம்.

ஒரே கட்டிடத்தில் இரண்டு நியாயம். முதலாளி புலம்புவது பெரும்பாலும் கீழ்த்தளத்துப் பெண்களைக் காட்டி. அவருக்கு உண்மையில் வலிக்கக்கூடிய இடம் மாடியில். விடுப்பு நியாயமா என்று மொத்தமாகக் கேட்டு மொத்தமாகப் பதில் சொல்வதால்தான் இந்தப் பேச்சு நூறு ஆண்டாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. விடுப்புக்கான பணம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தே நியாயமும் அநியாயமும் அமைகின்றன என்பது என் முடிவு.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி ஒன்றுமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கிய 1919ஆம் ஆண்டிலேயே, மகப்பேறு பற்றிய அதன் மூன்றாவது உடன்படிக்கை, உதவித்தொகை பொதுப் பணத்திலிருந்தோ காப்பீட்டு முறையிலோ தரப்பட வேண்டும் என்றது. 1952இல் வந்த 103ஆம் உடன்படிக்கை, எந்த நிலையிலும் தனி முதலாளி மீது அந்தச் செலவைச் சுமத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. நம் பக்கம் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். மக்கள் நலனைக் காப்பது முதன்மையாக அரசின் கடமை, ஆகவே சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்பதுதான் முறை என்று ஒப்புக்கொண்ட அவர், பெண்ணின் உழைப்பால் ஆதாயம் பெறுகிற முதலாளி முற்றாகக் கைகழுவிவிட முடியாது என்றும் வாதிட்டார். 1929இல் பம்பாயிலும் 1934இல் சென்னை மாகாணத்திலும் சட்டங்கள் வந்தன. இரண்டும் முதலாளியையே கொடுக்கச் சொன்னவை. அம்பேத்கர் சொன்னதில் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு முன்பாதியை விட்டுவிட்டார்கள்.

முன்பாதியை ஓரளவு நிறைவேற்றியது 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய அந்தத் திட்டம், 1955இல் தமிழ்நாட்டில் முதலில் கால்வைத்தது கோயம்புத்தூரில்தான். மில் தொழிலாளிகள் நிறைந்த ஊர் அது. இன்றைக்கும் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையைத் தெரியாத தொழிலாளிக் குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு.

முதலாளியின் சொந்தப் பையிலிருந்து போகும்போது என்ன நடக்கும் என்பதற்கும் கோவை மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. மலைத்தோட்டத் தொழிலாளி ஒருவர் 1967இல் பிரசவ விடுப்பில் போனார். அப்போது விடுப்பு 12 வாரம். தோட்டத் தொழிலுக்கு இ.எஸ்.ஐ. இல்லாததால் நிர்வாகம்தான் பணம் கொடுக்க வேண்டும். நிர்வாகம் வாரத்துக்கு ஆறு வேலை நாள் என்று கணக்குப் போட்டு 72 நாளுக்குக் கொடுத்தது. அவர் வாரத்துக்கு ஏழு நாள்தானே, 84 நாள் வர வேண்டும் என்றார். கோவைத் தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனது; தனி நீதிபதி நிர்வாகத்தின் பக்கம், இரு நீதிபதி அமர்வு தொழிலாளியின் பக்கம். உச்ச நீதிமன்றம்வரை போய் 1977 அக்டோபரில்தான் முடிந்தது. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள். பிள்ளை பெற்றவள் உயிர்வாழவும், இழந்த தெம்பைத் திரும்பப் பெறவும், குழந்தையைப் பேணவும்தான் இந்தத் தொகை என்று நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூலிக்குப் பத்தாண்டு வழக்கு. அந்தக் குழந்தை அதற்குள் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ போயிருக்கும். பணம் ஒரு பொதுக் காப்பீட்டிலிருந்து வந்திருந்தால் இந்த வழக்கைப் போட நிர்வாகத்துக்கு எந்த அவசியமும் இருந்திருக்காது.

2017 ஏப்ரல் 1 முதல் 12 வாரம் 26 வாரமானது. குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையோடு பொருந்திப்போகிற அளவு அது. இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வைக்க வேண்டும். வாரக் கணக்கைக் கூட்டிய நாடாளுமன்றம் பணம் வரும் வழியைத் தொடவில்லை. அடுத்த ஆண்டே டீம்லீஸ் என்ற ஆள்சேர்ப்பு நிறுவனம், இந்தத் திருத்தத்தால் பத்துத் துறைகளில் 11 லட்சம் முதல் 18 லட்சம் பெண்கள் வேலை இழக்கக்கூடும் என்று ஒரு மதிப்பீடு வெளியிட்டது. முதலாளிகளைக் கேட்டுச் செய்த ஊகம் அது. எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் முதலாளிகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்தது. 2018 நவம்பரில் மத்திய தொழிலாளர் அமைச்சகமும், 15,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பெண்களுக்காக ஏழு வாரச் சம்பளத்தை முதலாளிக்குத் திருப்பித் தரும் ஊக்கத் திட்டம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னது. சொன்னதோடு சரி. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்டது; மாடியில் இருக்கும் மெர்ச்சண்டைசரின் சம்பளத்தை யார் கொடுப்பது என்ற விதியை மாற்றவில்லை.

இந்தச் சுமையை முதலாளி சும்மா தூக்கிக்கொண்டு நிற்பதில்லை. இறக்கிவைக்க ஒரு இடம் பார்த்துக்கொள்கிறார். "கல்யாணம் ஆயிருச்சாம்மா? குழந்தை எத்தனை?" என்று நேர்காணலில் கேட்கும் கேள்வி அதற்குத்தான். திருமணமாகி ஒரு வருடம் ஆன பெண்ணின் விண்ணப்பம் அடியில் போய்விடும். விடுப்பில் போனவளை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. வேலைக்கே எடுக்காமல் விட்டதை எந்தச் சட்டத்தைக் கொண்டு பிடிப்பது?

கொங்கு நாட்டு நூற்பாலைகள் இதை இன்னும் ஒரு படி முன்னால் கொண்டுபோயின. சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமண உதவித் திட்டம் என்று பல பெயரில், தென் மாவட்டங்களிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கல்யாணமாகாத பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் அழைத்துவந்து விடுதியில் தங்கவைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு ஐரோப்பியத் துணிக்கடைகள் கேள்வி கேட்கத் தொடங்கின. கொத்தடிமை, கூலிப் பாக்கி, விடுதியில் அடைத்துவைப்பது என்ற கோணத்தில்தான் அந்தப் பேச்சு நடந்தது, அதெல்லாம் சரியே. இன்னொரு பக்கத்தை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. கல்யாணத்தோடு கணக்கு முடிந்துவிடும் பெண்ணை மட்டும் வேலைக்கு எடுத்தால், மகப்பேறு என்ற ஒன்று ஆலையின் புத்தகத்தில் ஏறவே ஏறாது. 2019–20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர்களில் எத்தனை பேர் பிள்ளை பெற்ற பிறகு அதே ஆலைக்கு, அதே சம்பளத்துக்குத் திரும்புகிறார்கள் என்று சேர்த்துக் கேட்டால் அந்தப் பெருமை கொஞ்சம் அடங்கும்.

சரி, கூட வேலை செய்பவர்கள்? தையல் லைனில் இந்தக் குறை அதிகம் எழுவதில்லை. ஓவர்லாக் அடிப்பவர், பேட்லாக் அடிப்பவர், கைமடிப்பவர் என்று வேலை சங்கிலியாக ஓடுகிறது. ஒரு கை நின்றால் அடுத்த கைக்குப் பீஸ் வராது. பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு அது அன்றைய கூலிப் பிரச்சினை. ஆகவே காண்ட்ராக்ட்காரர் மறுநாளே வேறு ஆளை உட்கார்த்திவிடுவார். விடுப்பில் போனவளின் நாற்காலி காலியாகவே இருப்பதில்லை. அவள் திரும்பி வரும்போது அது அவளுக்கு மிச்சமிருக்குமா என்பதுதான் அங்கே கேள்வி.

புகைச்சல் கிளம்புவது பள்ளியில், வங்கிக் கிளையில், ஆஸ்பத்திரி வார்டில். கணக்கு டீச்சர் விடுப்பில் போனால் அவருடைய பீரியடுகள் மற்றவர்களுக்குப் பிரிந்துபோகும். ஓய்வு பீரியடு போய்விடும், திருத்தும் நோட்டு இரட்டிக்கும். நைட் டூட்டி பார்க்கும் நர்ஸுக்கு வாரத்தில் ஒரு ராத்திரி கூடும். இந்தச் சிரமம் நிஜம்; இதைச் சொல்பவரைப் பொறாமைக்காரி என்று வாயடைப்பது அநியாயம். ஆனால் கோபம் போக வேண்டிய முகவரி வேறு. பிரசவத் தேதி ஏழு மாதம் முன்னாலேயே தெரிந்துவிடும் ஒன்று. திடீரென்று கால் முறிந்து படுப்பதைப் போல் இல்லை. அத்தனை மாத அவகாசத்தில் ஒரு தற்காலிக ஆளை ஏற்பாடு செய்யாமல், இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட நிர்வாகம்தான் அந்தப் பீரியடுகளை அவர்கள் தலையில் வைத்தது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. டென்மார்க்கில் சிறு நிறுவனங்களை எடுத்து, ஊழியர் பிரசவ விடுப்பில் போன இடங்களையும் போகாத இடங்களையும் ஒப்பிட்டார்கள். நிறுவனங்கள் தற்காலிக ஆள் எடுத்தன, கூட இருப்பவர்களின் வேலை நேரத்தைக் கொஞ்சம் கூட்டி அதற்குச் சம்பளமும் கொடுத்தன; உற்பத்தியிலோ லாபத்திலோ சொல்லிக்கொள்ளும்படி அடி விழவில்லை. அங்கே விடுப்புச் சம்பளத்தின் பெரும்பகுதி பொதுப் பணத்திலிருந்து திரும்பக் கிடைத்துவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. சுவீடனில் 1989இல் மூன்று மாதம் கூடுதல் விடுப்பு கொடுத்தபோது நிலைமை அவ்வளவு சுகமாக இல்லை. ஆள் தேடவும் மற்றவர்களின் நேரத்தைக் கூட்டவும் நிறுவனங்களுக்குச் செலவானது. உள்ளேயே மாற்று ஆள் கிடைக்காத நிறுவனங்கள் அதிகம் தடுமாறின. அவிநாசி மெர்ச்சண்டைசருக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது செய்திதான். அவளுடைய பையரைத் தெரிந்தவர் அந்த ஆபீஸில் வேறு யாரும் இல்லை. சம்பளத்தை அரசே கொடுத்தாலும் இந்த இழப்பு இருக்கும். சின்ன கம்பெனிக்காரர் சொல்வதில் இந்தப் பகுதியை நான் தள்ளிவிட மாட்டேன்.

குழந்தை இல்லாதவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பக்கவாதம் வந்து படுத்த மாமியாரைக் கழுவித் துடைத்து எடுக்கும் மருமகளுக்கு எந்த விடுப்பும் கிடையாது. தனக்கே உடம்பு சரியில்லை என்றால் இ.எஸ்.ஐ.யில் வருடத்துக்கு 91 நாள்வரை 70 விழுக்காட்டுச் சம்பளம் உண்டு. வீட்டில் இருப்பவருக்கு என்றால் இல்லை. பிள்ளை பெறுவதற்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று அவள் கேட்டால் அது நல்ல கேள்வி. அதற்குப் பதில் அவளுக்கும் ஒரு விடுப்பு தருவது. இருப்பவளிடமிருந்து பிடுங்குவதில் அவளுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

பெண்களுக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வு இதைவிடப் பெரிது. அவிநாசியில் ஒரே தெருவில் ஒரே மாதத்தில் கட்டுச்சோறு விருந்து நடந்த நாலு வீட்டை நினைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருட விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. மெர்ச்சண்டைசருக்கு 26 வாரம், முதலாளி மனம் வைத்தால் சண்டையில்லாமல். டெய்லருக்கு இ.எஸ்.ஐ. வழியாக 26 வாரம், காண்ட்ராக்ட்காரர் அவள் பெயரைப் பதிந்திருந்தால். நாலாவது வீட்டில் இருப்பவள் கம்பெனியிலிருந்து மூட்டை வாங்கிவந்து திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறாள்; அவளுக்கு முதலாளி என்று யாரும் இல்லை, அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்தான், அதுவும் 4,000 ரூபாய்க்கான ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து. தாராளமாகக் கொடுக்கும் அரசும் எல்லா நேரமும் தாராளமாக இல்லை. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தை பெற்று, மறுமணத்தில் ஒரு குழந்தை பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மூன்றாவது என்று விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம்தான் வாங்கிக்கொடுத்தது.

வெளியே என்ன செய்கிறார்கள்? இலங்கையில் 84 வேலை நாள் விடுப்பு, செலவு முதலாளியுடையது. நம் மாடிக் கதைதான் அங்கேயும். சிங்கப்பூரில் 16 வாரம். முதல் இரண்டு பிரசவத்துக்கு எட்டு வாரம் முதலாளி, எட்டு வாரம் ஓர் உச்சவரம்பு வரை அரசு, மூன்றாவதிலிருந்து அந்த வரம்புக்குள் முழுதும் அரசு. பிரிட்டனில் பெரிய நிறுவனத்துக்குச் சட்டப்படியான மகப்பேறு ஊதியத்தில் 92 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். சிறிய நிறுவனத்துக்குக் கொடுத்ததற்கு மேலேயே கொஞ்சம் சேர்த்துத் தருகிறார்கள். அதிகம் யோசிக்கவைப்பது ஜெர்மனி. அங்கே சிறு நிறுவனங்களுக்கு மட்டும் ஒரு பொது நிதி இருந்தது, பெரியவை தாங்களே கொடுத்தன. 2003இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், இப்படிச் செலவைத் தனி முதலாளி மேல் வைப்பது பெண்களை வேலைக்கு எடுக்காமல் இருக்கத் தூண்டுகிறது, அது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. 2006 முதல் எல்லா முதலாளிகளும், ஆண் ஊழியர்களின் சம்பளத்துக்கும் சேர்த்து, சிறு சந்தா கட்டுகிறார்கள். விடுப்புக்குக் கொடுத்த பணம் நிதியிலிருந்து திரும்ப வருகிறது. ஒரு பெண்ணை எடுப்பதா ஆணை எடுப்பதா என்பதில் முதலாளிக்குப் பணக் கணக்கு ஏதும் மிஞ்சுவதில்லை.

ஆண்களைப் பொறுத்தவரை, இங்கே மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அப்பனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாய்வீட்டு அம்மாவும் இப்போது கம்பெனிக்குப் போகிறவர்தான்.

இங்கே 21,000க்கு மேல் வாங்குபவர்களுக்கும் ஜெர்மனியில் இருப்பதைப் போன்ற நிதி ஒன்று இருந்தால் எவ்வளவு பிடிக்கும்? நூறு பேர் இருக்கும் ஆபீஸ், ஆளுக்கு 30,000 சம்பளம் என்றால் வருடச் சம்பளச் செலவு 3 கோடியே 60 லட்சம். அந்த வருடத்தில் இரண்டு பிரசவம் என்று கொண்டால் 3 லட்சத்து 60 ஆயிரம். நூற்றுக்கு ஒரு ரூபாய். இ.எஸ்.ஐ. வரம்பை உயர்த்தியும் இதைச் செய்யலாம், மகப்பேறுக்கு மட்டும் தனி நிதி வைத்தும் செய்யலாம். எனக்குத் தனி நிதிதான் சரி என்று படுகிறது. 30,000 வாங்குபவரை இ.எஸ்.ஐ.க்குள் இழுத்தால் அவர் போகவே போகாத டிஸ்பென்சரிக்கும் சேர்த்து அவரிடம் பிடிப்பார்கள், அந்தக் கசப்பு மகப்பேறின் மேல் விழும். தனி நிதி வைத்தாலும் கட்டுபவர்கள் நம்பிக் கட்ட வேண்டும். விண்ணப்பம் போட்ட எத்தனை நாளில் பணம் வரும், தாமதமானால் வட்டி யார் கொடுப்பது, ஆள் வைக்க முடியாத சின்ன கம்பெனிக்குப் பிரிட்டனைப் போல் மேல்தொகை உண்டா என்ற மூன்றையும் விதியிலேயே எழுதாமல் தொடங்கினால், நேர்காணலில் கேட்கிற கேள்வி இன்னொரு பத்தாண்டுக்கு அப்படியே இருக்கும்.